நாலு தழும்பும் ஒரு குட்டியும்

ஞாயிறு, மதியம்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் மகளும் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? குவாரித் தூசியில் வந்த இருமல் குறைந்ததா? நான் அனுப்பிய மப்ளர் மூக்கை மூடிக் கட்டிக்கொள்ள. அதைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன கடிதத்தில், மகள் சனிக்கிழமைதோறும் நூலகத்துக்குப் போய்ப் படிக்கிறாள் என்று எழுதியிருந்தேன். அது பொய். அவள் போனது படகுத்துறைக்கு. திமிங்கிலம் பார்க்க வருகிறவர்களுக்கு மைக்கில் விவரம் சொல்லும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். நீங்கள் ஓட்டிய அதே மஞ்சள் படகில். மூன்று வாரம் பயிற்சி முடிந்து, நேற்று அவளுக்கு முதல் நாள்.

கடிதத்தை மடித்துவிடாதீர்கள். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் கடல் என்ற சொல் வந்ததுமே "சிக்னல் சரியில்ல, வச்சிடறேன்" என்பீர்கள். காகிதத்தில் சிக்னல் நன்றாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள். இதில் பயப்படும்படி எதுவும் இல்லை.

அவள் வந்து சொன்னபோது எனக்கும் பயமாகத்தான் இருந்தது. மூன்று நாள் அவளோடு பேசவில்லை. பேசாவிட்டால் என்ன, பாத்திரங்களை வைத்த சத்தத்திலேயே அவளுக்கு எல்லாம் புரிந்திருக்கும். நாலாம் நாள் அவளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா பதினோரு வருஷம் ஓட்டின படகும்மா. எனக்கு அதுல ஏறப் பயமா இல்ல. ஏறாம இருக்கத்தான் பயமா இருக்கு" என்றாள். முதல் நாளன்று நானும் கூட வர வேண்டும் என்று கேட்டாள். சரி என்றேன். கல்யாணமாகி இருபத்தோரு வருஷம் ஆகிறது. படகோட்டியின் மனைவி ஒருமுறைகூடப் படகில் ஏறியதில்லை என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

டாக்டரிடம் சனிக்கிழமை லீவு கேட்டேன். பதினாறு வருஷமாக அவருடைய பல் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். எதற்கு லீவு என்று அவர் கேட்டதே கிடையாது. இந்த முறை கேட்டார். சொன்னேன். கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்துவிட்டு, சின்னப் பிள்ளைபோல, "நானும் வரட்டுமாம்மா?" என்றார். கிளினிக் கதவில் 'இன்று விடுமுறை' அட்டையைத் தொங்கவிட்டோம். எனக்குத் தெரிந்து அந்த அட்டைக்கு அதுதான் முதல் வேலை.

காலை எட்டு மணிக்குப் படகு. டாக்டர் ஏழு மணிக்கே வந்து நின்றார். பெரிய தொப்பி, கழுத்தில் பைனாகுலர், தோளில் கேமரா. மகள் எல்லாருக்கும் இஞ்சி மிட்டாய் கொடுத்துக்கொண்டே வந்தாள், வாந்தி வராமல் இருக்க. "எனக்கு வேண்டாம்மா, நான் டாக்டர்" என்று மறுத்துவிட்டார். அதன் பலனைப் பிறகு எழுதுகிறேன்.

படகுக்குப் புதிதாக மஞ்சள் வண்ணம் அடித்திருக்கிறார்கள். பக்கக் கம்பிகள் புதுசு. உங்களுக்கு உதவியாளராக இருந்த மீசைதான் இப்போது ஓட்டுகிறார். மீசையை எடுத்துவிட்டார், ஆனால் துறையில் எல்லாரும் இன்னும் மீசை என்றுதான் கூப்பிடுகிறார்கள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, தன் துண்டாலேயே பெஞ்சைத் துடைத்து உட்காரவைத்தார். "அண்ணன் உக்கார்ந்த சீட்டை நான் மாத்தலை அண்ணி. அந்தக் கிழிசலோடயே வச்சிருக்கேன்" என்றார். நான் போய்ப் பார்த்தேன். நான் போட்டுக் கொடுத்த தையல்தான், பாதி பிரிந்து கிடந்தது.

மகள் மைக்கைப் பிடித்தாள். "அனைவருக்கும் வணக்கம்" என்று தொடங்கியபோது குரல் எங்கோ கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. காகிதத்தில் எழுதி மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். கடலின் ஆழம், நீரோட்டத்தின் வேகம், ஏதேதோ எண்கள். நாலாவது வரியில் நின்றுவிட்டாள். மீசை தன் அறைக் கண்ணாடியைத் தட்டி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவள் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். "இது எனக்கு இன்னைக்குத்தான் முதல் நாள். பேப்பர்ல இருக்கிறது மறந்துபோச்சு. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், பரவாயில்லையா?" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு பேச்சு குழாயைத் திறந்துவிட்டதுபோல் வந்தது.

திமிங்கிலம் நம்மைப்போலத் தன்னை அறியாமல் மூச்சு விடாதாம். ஒவ்வொரு மூச்சையும் நினைத்துத்தான் விட வேண்டுமாம். அதனால் முழுசாகத் தூங்கவே முடியாதாம், பாதி மூளை தூங்கினால் மீதிப் பாதி விழித்திருக்குமாம். என் பின்னால் இருந்த ஒரு அம்மாள், "எங்க வீட்டுக்காரர் முழிச்சிருக்கும்போதே பாதிதான்" என்றாள். படகே குலுங்கியது. நானும் சிரித்தேன். கம்பியைப் பிடித்திருந்த கை அப்போதுதான் தளர்ந்தது.

அந்த நேரத்தில் டாக்டர் சிரிக்கவில்லை. முகம் வெளிறி, பிறகு பச்சையாகி, பெஞ்சில் சாய்ந்துவிட்டார். வாந்திப் பையைப் பிரித்து அவர் முன்னால் பிடித்தேன். "வாயை நல்லாத் திறங்க டாக்டர். பயப்படாதீங்க, ரெண்டே நிமிஷம்" என்றேன். பதினாறு வருஷம் அவர் வாயிலிருந்து கேட்ட வார்த்தைகள். அந்த நிலைமையிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பாவம்.

ஒன்றரை மணி நேரம் ஒன்றும் இல்லை. தண்ணீர், வானம், திரும்பவும் தண்ணீர். கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவர், "திமிங்கிலத்துக்கும் இன்னைக்கு லீவா?" என்று சத்தமாகக் கேட்டார். மகள் கோபப்படவில்லை. "அவங்க வீட்டுக்கு நாம சொல்லாம வந்திருக்கோம் சார். கதவைத் திறக்கக் கொஞ்சம் நேரம் ஆகும்" என்றாள். எங்கிருந்து இப்படிப் பேசக் கற்றாள் என்று எனக்கு வியப்பாக இருந்தது. என்னிடமிருந்து இல்லை.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது. பஸ் பிரேக்கை விடும்போது புஸ்ஸென்று வருமே, அது பத்து மடங்காக. அடுத்த நொடியே சின்னதாக இன்னொன்று, யாரோ தும்மியதுபோல. மகள் கையை நீட்டி, "வலது பக்கம். ரெண்டு பேர். அம்மாவும் குட்டியும்" என்றாள். எல்லாரும் எழுந்தார்கள். மீசை உடனே எஞ்சினை நிறுத்தினார். குட்டி இருந்தால் நாம் பக்கத்தில் போகக் கூடாதாம், இருக்கிற இடத்தில் அசையாமல் நிற்க வேண்டுமாம். உங்களுக்குத் தெரியாததா? இருந்தாலும் எழுதுகிறேன். எனக்கு எல்லாமே புதிது.

அவர்களே வந்தார்கள். தாய் எங்கள் பக்கமாகத் திரும்பி, மெல்ல மெல்ல, அவசரமே இல்லாமல். கருப்பு முதுகு எழுந்து போய்க்கொண்டே இருந்தது, முடியவே இல்லை. அவள் விட்ட மூச்சு காற்றில் வந்து என் கண்ணாடியெல்லாம் நனைந்தது. நாற்றம் என்றால் நாற்றம், நாள்பட்ட மீன் கூடையே தோற்றுவிடும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோதுதான் முதுகில் அந்தக் கோடுகளைக் கண்டேன். துடுப்புக்குப் பின்னால், சாய்வாக, ஒன்றன்பின் ஒன்றாக நாலு. ஒவ்வொன்றும் என் கை நீளம். வெள்ளையாக ஆறிப்போன தழும்புகள்.

மகளின் பேச்சு நின்றது. மைக் திறந்தே இருந்ததால் அவள் மூச்சு மட்டும் படகு முழுக்கக் கேட்டது. மீசை தன் அறையைவிட்டு வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் பக்கம் திரும்பி, "அவதான் அண்ணி. அவதான். சாகலை" என்றார். அந்த ஆளின் கண்ணில் தண்ணீரை நான் பார்த்ததே இல்லை.

நேற்றுவரை எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இரண்டு சீசனுக்கு முன்னால் உங்கள் படகு ஒரு திமிங்கிலத்தின் மேல் பட்டுவிட்டது. உங்கள் மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் படகுச் சாவியை அலுவலக மேசையில் வைத்துவிட்டு வந்தீர்கள். அடுத்த மாதம் கடல் வாசனையே எட்டாத அந்தக் குவாரிக்கு லாரி ஓட்டப் போய்விட்டீர்கள். போன வருஷம் எட்டு நாள் வீட்டுக்கு வந்தபோதுகூட, கடற்கரைச் சாலையை விட்டுவிட்டு, சந்தையைச் சுற்றிக்கொண்டு பஸ் நிலையம் போனீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மீதியை நேற்று மீசை சொன்னார். அன்று பனிமூட்டம். படகு ஊர்ந்துதான் வந்திருக்கிறது. அவள் நேரே அடியிலிருந்து எழுந்திருக்கிறாள். பயணிகளை வேறு படகில் ஏற்றி அனுப்பிவிட்டு, நீங்களும் மீசையும் மட்டும் அங்கேயே நின்றிருக்கிறீர்கள், மாலைவரைக்கும். தண்ணீர் சிவந்து கிடந்ததாம். அவள் ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் "இருக்கா, இன்னும் இருக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்களாம். பிறகு அவள் முங்கினாள், எழவில்லை. அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் காத்திருந்தீர்களாம்.

இதில் ஒரு வரிகூட என்னிடம் சொல்லவில்லை. "ஒரு திமிங்கிலம் பட்டுடுச்சு" என்றீர்கள். சாப்பிட உட்கார்ந்தீர்கள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தீர்கள். நீங்கள் குவாரிக்குக் கிளம்பிய அன்று, "ஒரு மீனுக்காகக் குடும்பத்தை விட்டுட்டுப் போற ஆளை நான் பார்த்ததில்லை" என்று நான் கத்தினேன். "அது மீன் இல்ல" என்றீர்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நீங்கள் எடுக்கவில்லை.

அது மீன் இல்லை. நேற்று அவள் ஒருபக்கமாகச் சாய்ந்து, ஒரு கண்ணைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து எங்களைப் பார்த்தாள். என் வாயிலிருந்து தன்னால் வந்தது, "நல்லா இருக்கியாம்மா?" என்பதுதான். பக்கத்து வீட்டில் குழந்தை பார்க்கப் போனவளைப்போல. நான் அன்றைக்குச் சொன்னது தப்பு. என்னை மன்னித்துவிடுங்கள்.

குட்டியைப் பற்றி எழுதாவிட்டால் இந்தக் கடிதம் பாதிதான். நம் பழைய வேன் அளவுக்கு இருக்கிறது, குறும்பு அதைவிடப் பெரிசு. அம்மாவின் முதுகில் ஏறி வழுக்கி விழும். வாலைத் தூக்கித் தண்ணீரில் அடிக்கும், அடித்துவிட்டு நாங்கள் பார்க்கிறோமா என்று பார்க்கும். பார்த்தால் திரும்ப அடிக்கும். ஒரு அடியில் அரை வாளித் தண்ணீர் டாக்டர் மேல் வந்து விழுந்தது. மனிதர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், வாந்தி கீந்தி எல்லாம் போன இடம் தெரியவில்லை. தாய் வாயைத் திறந்து மூடியபோது வெகு நேரம் உற்றுப் பார்த்தார். "இவ்வளவு பெரிய வாய், ஒரு பல்லு கூட இல்ல. நமக்கு இங்க வேலையே இல்லம்மா" என்றார். சிரித்துச் சிரித்து என் விலா வலித்துவிட்டது. கட்டம்போட்ட சட்டைக்காரர் தன் கைக்குட்டையை அவருக்குக் கொடுத்தார்.

பிறகு அந்தச் சட்டைக்காரரே மகளிடம் கேட்டார், முதுகில் என்ன கோடு என்று. அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒரு படகோட புரொப்பல்லர் பட்ட காயம் சார். இதே படகுதான். ஓட்டினவர் என் அப்பா. பனிமூட்டம், யார்மேலயும் தப்பு இல்ல. ஆனா இவ செத்துப்போய்ட்டான்னு நினைச்சு அவர் அன்னையிலிருந்து கடலுக்கு வரலை. இவ வந்துட்டா."

குட்டி அப்போதும் வாலை அடித்துக்கொண்டிருந்தது.

கரைக்குத் திரும்பும்போது அவளிடம் கேட்டேன், இதற்காகத்தான் இந்த வேலைக்கு வந்தாயா என்று. தலையாட்டினாள். விசாரணைக்காக மீசை எடுத்த வால் படத்தை அவரிடமே கேட்டு வாங்கி, போன வருஷத்திலிருந்து தன் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். கிடைக்காவிட்டால் என்ன செய்திருப்பாய் என்றேன். "அடுத்த வருஷமும் வந்திருப்பேன்" என்றாள். அழுத்தம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கடிதத்தை இன்றைக்கு அனுப்பப் போவதில்லை. தழும்பு எல்லாத் திமிங்கிலத்துக்கும்தான் இருக்கும் என்பீர்கள். அதனால் மகள் நேற்று எடுத்த வால் படங்களைத் திமிங்கில ஆராய்ச்சி அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறாள். அங்கே என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்த பிறகு மீதியை எழுதுகிறேன்.

வியாழன், காலை

கிளினிக்கில் முதல் ஆள் வர இன்னும் அரை மணி இருக்கிறது. மேசையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று நானும் மகளோடு போயிருந்தேன். ஆராய்ச்சி அலுவலகத்து அம்மா அதிகம் பேசாதவர். பழைய படத்தையும் புதுப் படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வாலின் அடியில் இருக்கும் கறுப்பு வெள்ளை நமக்குக் கைரேகை மாதிரியாம், ஒன்றைப்போல இன்னொன்று இருக்காதாம். இடது ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு, நடுவில் கிழிந்த இலைபோல ஒரு வெள்ளைத் திட்டு. இரண்டு படத்திலும் அதேதான். அவர் மூன்று முறை பார்த்தார். நாற்காலியைத் திருப்பி எங்களைப் பார்த்து, "அவளேதான்" என்றார். மகள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சின்ன வயதில் ஊசி போட்டபோது வைத்ததுபோல.

அவர் பதிவேட்டில் எழுதியதை ஒரு சீட்டில் பார்த்தெழுதிக் கொண்டுவந்தேன். "பெண். பழைய காயம் முழுதும் ஆறியது. நீந்துவதில் குறையில்லை. உடன் குட்டி ஒன்று, நல்ல நிலை." இதை நான் எழுதவில்லை, அரசு அலுவலகத்தில் எழுதியது. இரண்டு தடவை படியுங்கள்.

படங்களை இதோடு வைத்திருக்கிறேன். டாக்டர் எடுத்த படங்களில் முக்கால்வாசி வானம்தான். அவர் அடுத்த மாதமும் வரப்போகிறாராம். இஞ்சி மிட்டாய் இப்போதே வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார்.

வீட்டுச் செய்தி வேறு பெரிதாக இல்லை. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. மாடி வீட்டில் புதிதாக ஒரு இசை ஆசிரியர் குடிவந்திருக்கிறார், அவருக்கு வரும் மாணவர்கள் எல்லாம் ஒரே இடத்தில் தப்பு விடுகிறார்கள். உங்கள் அக்கா போன் செய்து உங்களை விசாரித்தார்.

தாயும் குட்டியும் இன்னும் மூன்று வாரம் இந்தப் பக்கம் இருப்பார்களாம். குட்டிக்குக் கொஞ்சம் பலம் வந்ததும் குளிர்க்கடலுக்குக் கிளம்பிவிடுவார்களாம்.

உங்களை வா என்று நான் கூப்பிடவில்லை. பஸ் நேரத்தை மட்டும் விசாரித்தேன். உங்கள் குவாரிச் சந்திப்பிலிருந்து வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை காலை ஆறரைக்கு இங்கே வந்துவிடும். குளித்து, ரொட்டி சாப்பிட்டு, எட்டு மணிப் படகுக்கு நடந்தே போகலாம். யாரும் உங்கள் கையில் சாவியைத் திணிக்க மாட்டார்கள், மீசையிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மகள் மைக்கில் பேசுவதைக் கேட்டால் போதும். உங்களுக்காகத்தான் பேசுகிறாள், முன்னால் இருப்பவர்கள் தங்களுக்கென்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வர முடியாமல் போனாலும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வர முடியாது என்று கடிதத்தில் எழுதாதீர்கள், போனிலும் சொல்லாதீர்கள். நேரில் வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.

இருமலுக்கு மருந்து தவறாமல் சாப்பிடுங்கள். நீங்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

என்றும் அன்போடு,
உங்கள் மனைவி